ஊசி போட்டால்தான் உள்ளே

யாராவது தேவைக்கு மேல் சிரித்துப் பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இது அப்பாவிடமிருந்து வந்த புத்தி. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் வழியில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. தீவன லாரிக்காரர் வந்தாலும் சரி, வீட்டு மாப்பிள்ளையே வந்தாலும் சரி, வாசலில் இருக்கிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்காமல் ஒருவரையும் கொட்டகைப் பக்கம் விடமாட்டார். யாராவது தும்மிவிட்டால் போதும், அவர்கள் போகும்வரை மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தொட்டியிலிருந்து ஏறும்போதுதான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

சேலத்தில் ஆபரேஷன் ஆனது. "எங்க வேலை முடிஞ்சதும்மா. இனிமே பயிற்சிதான். படுத்தே கெடந்தா கால் பலம் போயிடும், அப்புறம் எழுப்பறது கஷ்டம்" என்றார் எலும்பு டாக்டர். அம்மா போனபிறகு ஊரில் அப்பா தனி ஆள். என் வீடோ சேலத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. விசாரித்ததில் அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம், ஆத்தூர் ரோட்டில், வயதானவர்களைத் தங்கவைத்து நடை பழக்குகிற மறுவாழ்வு மையம் ஒன்று இருப்பது தெரிந்தது. மறுவாழ்வு மையம் என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர் ஒருவர் போன் போட்டு, "உங்கப்பா எப்பருந்து குடிக்க ஆரம்பிச்சாருங்க?" என்று துக்கம் விசாரித்தார்.

முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டால்தான் சேர்ப்போம் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "வெளிய அலைய வேணாம் மேடம், நாங்களே இங்க போட்டுடுவோம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பொறி தட்டியது. உடைந்தது இடுப்பு, ஊசி நுரையீரலுக்கா? தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

எலும்பு டாக்டரிடம் கேட்டேன். வயதானவர்கள் ஒரே கூடத்தில் இருப்பார்கள், ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் பரவும், ஆபரேஷன் ஆன உடம்பு தாங்காது, அவர்கள் கேட்பது நியாயம்தான் என்றார். இவரும் அவர்களும் கூட்டோ என்று எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். மூன்று பேருக்கும் கமிஷன் போகிறது என்று நினைக்க எனக்கே கூச்சமாக இருந்ததால் அத்தோடு விட்டேன்.

வேனில் அப்பாவை அழைத்துப் போனோம். சக்கர நாற்காலியில் உட்காரவைத்தோம். நர்ஸ் ஊசியோடு வந்ததும் அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"சீக்குக் கோழிக்கு ஆராச்சும் ஊசி போடுவாங்களா? நல்லாருக்கற கோழிக்குத்தான் போடோணும். அதுவுமே நாலு நாளைக்கு முட்டை கொறையும்."

"நீங்க என்ன முட்டையாங்கப்பா போடப்போறீங்க?" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் குனியவைத்து, மெதுவாகக் கேட்டார்.

"நெசத்தச் சொல்லு சாமி. என்னைய இங்கயே உட்டுப்போட்டுப் போறீங்களா?"

எங்கள் பண்ணையில் முட்டை ஓய்ந்த கோழிகளை மொத்தமாகக் கறிக்கு லாரியில் ஏற்றிவிடுவோம். ஏற்றுகிற அன்று அப்பா அந்தப் பக்கமே வரமாட்டார், ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவார். அந்த லாரிதான் அவர் மனதில் நிற்கிறது என்று புரிந்துவிட்டது. பெற்ற மகளைப் போய் இப்படி நினைக்கிறாரே என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நடந்தீங்கன்னா ஊட்டுக்குப் போலாம். நடக்காட்டியும் ஊட்டுக்குத்தானுங்கப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

பிறகு நர்ஸிடம் மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னார். ஐஸ் பெட்டியில் வரும் மருந்தைப் பண்ணையில் தொட்டுப் பார்ப்பது போலவே, புறங்கையை அதன்மேல் வைத்து, குளிர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்.

"இது எத்தன நாளைக்குத் தாங்கும் தாயி?"

"ஃப்ளூ ஊசிய வருஷா வருஷம் போட்டுக்கணும் ஐயா. நிமோனியா ஊசி பல வருஷத்துக்குத் தாங்கும்."

அப்பா குப்பியிலிருந்து கையை எடுத்தார். "லாரியில ஏத்தப்போற கோழிக்குப் பல வருசத்து ஊசியப் போட்டு எவனும் காசக் கரியாக்க மாட்டான். போடு" என்று சட்டைக் கையைத் தானே சுருட்டிக்கொண்டார்.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் வாய்ச்சொல்லை நம்பாதவர் ஒரு குப்பியை நம்பினார். அது இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது.

உள்ளே சேர்த்தும் கால் வரவில்லை. கம்பியைப் பிடித்து நிற்பார், இரண்டு எட்டு வைப்பார், உட்கார்ந்துவிடுவார். "வலிய விட ஐயாவுக்குப் பயம்தாங்க ஜாஸ்தி" என்று பயிற்சி கொடுக்கும் பெண் போனில் சொல்வாள். கெஞ்சிப் பார்த்தோம், பேரனைப் பேசவைத்தோம், எதற்கும் அசையவில்லை. நாள் போகப்போக டாக்டர் சொன்னதுதான் நடக்கப்போகிறது, இனி நாற்காலிதான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனபோது எனக்குத் தொண்டை கரகரத்தது. ஆத்தூர் ரோட்டுப் புழுதி என்று நினைத்துக்கொண்டேன். வாட்ச்மேன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே போங்க என்று கைகாட்டினார். வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டு வயதானவர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் அப்பா, முன்னால் வாக்கர். படியேறும்போது இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அங்கியே நில்லு!"

அப்பாவுக்கு என்னவோ கோபம், கிட்டே போய்ச் சமாதானம் செய்யலாம் என்று இன்னும் ஒரு படி ஏறினேன். அப்பா வாக்கரைப் பிடித்து எழுந்தார். ஒரு எட்டு வைத்தார், இன்னொன்று வைத்தார். பயிற்சிப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள், ஆனால் தொடவில்லை. அத்தனை நாற்காலிகளையும் கடந்து வந்து, படிக்கு நேராக வாக்கரைக் குறுக்கே ஊன்றி வழியை மறித்து நின்றார்.

"இருமீட்டு எங்க வாரே? பூராவும் வயசாளிங்க இருக்கற எடம். எங்களயக் கேட்டாங்களே, வார போறவங்கள ஆராச்சும் கேட்டாங்களா? நீ ஊசி போட்டியா?"

"இல்லீங்கப்பா."

தீவன லாரிக்காரரைப் பார்ப்பாரே, அப்படி என் மூக்கைப் பார்த்தார். எனக்குக் கண்ணீர் கொட்டியது.

"அப்பா, நடந்துட்டீங்க."

"பேச்ச மாத்தாத. அக்கட்டால தள்ளிப் போ."