ஜன்னல்காரி

பாங்கு கேட்டதும் ஸுல்பா முகங்களைத் திருப்பத் தொடங்குவார். மதுரங்குளியில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை அவருடையது. தொழுவதும் அதே அறையில்தான். உருவங்களின் முன்னால் தொழ முடியாது. கல்யாண மாப்பிள்ளை, கறுப்பு அங்கிப் பட்டதாரி, எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். “அந்தோனியாரே, கொஞ்சம் அங்கால பாருங்க” என்பார், வாயில் ஆணியோடு.

போரின் நடுவே மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய 1990இல் அவர் அங்கே சிறுமி. அதைப் பற்றி யாராவது கேட்டால் கண்ணாடி வெட்டத் தொடங்கிவிடுவார். அந்தக் கிறீச்சொலியில் கேள்வி செத்துப்போகும்.

கற்பிட்டி டிலுக்ஷி ஒரு பழைய பிளெமிஷ் அச்சுப்படம் கொண்டுவந்தாள். பெல்ஜியத்துப் பாதிரியார் ஒருவர் அவள் வீட்டுக்குக் கொடுத்தது. செப்புத் தகட்டில் மயிரிழைக் கோடுகளாகச் செதுக்கி எடுத்தது. கழுதைமேல் மாதாவும் குழந்தையும். கயிற்றைப் பிடித்தபடி சூசையப்பர். இடது ஓரத்தில் வழிகாட்டும் சம்மனசு, சிறகுள்ள தேவதூதர்.

“எங்க போறாங்க?”

“எகிப்துக்கு அக்கா. பிள்ளையக் கொல்ல ராசா ஆள் விட்டுட்டான்.”

“கழுதை எங்கட மன்னார்க் கழுதைதான்.”

ஸுல்பா போன் கெமராவில் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தார். வலது கோடியில் ஒரு வீடு. பாதி திறந்த ஜன்னலில், தோளில் துணியோடு ஒருத்தி. அழவில்லை, கூப்பிடவில்லை. பார்க்கிறாள்.

டிலுக்ஷி கூடவே கொண்டுவந்த பிரேம் படத்தைவிடச் சிறியது. ஏதோ ஓர் ஓரம் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைக்குள் மறைய வேண்டும்.

“ஜன்னல்காரிய மறைங்க அக்கா. சாமி படத்தில அவ எதுக்கு?”

“அவதான் தங்கச்சி நிசமா இருந்தவ. நாங்க மன்னார விட்டுப் போகேக்க எங்கட பக்கத்து வீட்டு மாமி இப்பிடித்தான் நிண்டா. நான் கை காட்டினன். ஜன்னலச் சாத்தினா.”

“அவவும் பயந்திருப்பா.”

“ஓம், பயந்திருப்பா. சண்டை முடிஞ்சு போய்ப் பாத்தம். இருங்க எண்டா. எங்கட வீட்டுல இருந்த கதிரையிலதான் இருக்கச் சொன்னா.”

டிலுக்ஷி படத்தின் இடது ஓரத்தைத் தொட்டாள். “சம்மனசு தெரியோணும் அக்கா. அம்மா அதப் பாத்துத்தான் செபம் சொல்றவ” என்றுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

ஸுல்பா அட்டையைப் படத்தின்மேல் வைத்தார். ஜன்னல் மறைந்தது. நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு அட்டையை வலப்பக்கம் நகர்த்தினார். ஜன்னல் வெளியே வந்தது. இடப்பக்கம் சம்மனசின் நீட்டிய கை மறைந்தது, பிறகு முகம், பிறகு சிறகு. ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து அடித்தார்.

பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. முதலில் அந்தப் படத்தைத்தான் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஜன்னல்காரியிடம் மட்டும் “அங்கால பாருங்க” என்று சொல்லவில்லை.