நாலு கதவும் ஒரு துரத்தலும்

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன், தன் குணத்தை எங்கே வைத்துக்கொண்டு ஓடுவான்? அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். சலவைக் கடைப் புயலும் அப்படித்தான் விழித்துக்கொண்டிருந்தாள்.

புயல் என்பது கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். நாலு நிமிடத்துக்கு ஒரு சட்டையைத் தேய்த்து மடித்துவிடுவாள். பத்து வருடமாக அதே மேஜை, அதே ஜன்னல். கை தேய்க்கும், மனசு கதை கட்டும். சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கதை, மடித்த சட்டைக்குள் வைக்கிற அட்டைகளின் பின்பக்கம் ஏறிவிடும். மூன்றாம் அத்தியாயம் ஒரு வக்கீலின் சட்டைக்குள் போய்விட்டது. மறுநாள் அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நாலாவது எங்கம்மா?” என்று கேட்டாராம்.

அந்தக் கதைதான் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. கதாநாயகர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எந்தக் கதவைத் தாண்டினாலும் பூட்டி, மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். பதினோரு வாரமாக வாசகர்களுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் அன்று காலை பத்திரிகை ஆசிரியர் போனில் சொல்லிவிட்டார்.

“ரெண்டு வாரமா கதை நடக்குதும்மா, ஓடல. இந்த வாரம் ஓடணும். மூணு மணிக்குள்ள அனுப்புங்க. அதுவும் நடந்துச்சுன்னா இதோட முடிச்சுக்கலாம்.”

புயல் ஒரு கட்டு அட்டையை இழுத்துப் போட்டாள். ஒரே மூச்சில் எழுதினாள். தடியன் ஒருவன் துரத்துகிறான், பூட்டுக்காரர் நாலு கதவைப் படீர் படீரென்று தாண்டித் தெருவில் குதிக்கிறார். பக்கத்து மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் படித்துக் காட்டினாள்.

“அண்ணி, யாரு இது?”

“நம்ம பூட்டுக்காரர்தான்டி.”

“சும்மா இருங்க. அவராவது கதவை அப்படியே போட்டுட்டுப் போறதாவது! அவர் சட்டையை மாட்டிக்கிட்டு வேற எவனோ ஓடுறான்.”

சொன்னது சுருக்கென்று தைத்தது. மறுபடி எழுதினாள். இம்முறை ஒவ்வொரு கதவிலும் மூன்று இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு காரணம், ஒரு பெருமூச்சு, ஒரு பழைய நினைவு.

“இரண்டாவது கதவுகூட வரலியே அண்ணி,” என்று கொட்டாவி விட்டாள் நாத்தனார். “தடியன் டீ குடிச்சிட்டு, முகம் கழுவிட்டு, திரும்பி வந்தே புடிச்சிருப்பான்.”

மணி ஒன்றே முக்கால். புயல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அடியே, என்னைத் துரத்து.”

“எதுக்கு?”

“துரத்துடின்னா துரத்து! நிஜமா ஓடிப் பாத்தாத்தான் தெரியும்.”

நாத்தனார் ஒரு ஹேங்கரைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். மேஜையைச் சுற்றி, ஈரத் துணிகளுக்கு நடுவே புகுந்து, மிஷின் அறை வழியாக மறுபடி மேஜைக்கு. ஒரு போர்வை தலையில் விழுந்து புயல் கண் தெரியாமல் ஓடினாள். திரைச்சீலை மூட்டையோடு உள்ளே வந்த ஒருவர் மிரண்டுபோய், “கடை திறந்திருக்குதானே?” என்றார்.

“உக்காருங்க!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது சுற்றில் நாத்தனார் சட்டென்று நின்றாள்.

“அண்ணி! இஸ்திரிப் பொட்டிய நிமித்தி வெச்சீங்களே!”

“நானா? எப்போ?”

“இப்பத்தான். துணிமேல படுத்துக் கிடந்துச்சு. ஓடுற ஓட்டத்துல கை நிமித்திட்டுப் போகுது. கால் நிக்கவே இல்ல.”

“ஆமாம்மா, நானும் பாத்தேன்,” என்றார் மூட்டைக்காரர்.

புயலுக்கு நிமிர்த்தி வைத்த ஞாபகமே இல்லை. அவள் வாயைப் பிளந்தாள். பிறகு குதித்தாள், நிஜமாகவே குதித்தாள். பழகின கைக்கு நேரமே வேண்டாம். அவள்தான் நடுவில் புகுந்து விளக்கம் சொல்லிச் சொல்லிப் பூட்டுக்காரரை நிறுத்தி வைத்திருந்தாள். பதினோரு வாரமாகச் சொன்னது வாசகருக்கு மறந்தா போகும்?

அட்டைகள் பறந்தன. முதல் கதவு, பூட்டு, மூன்று இழுப்பு, ஒரே வரி. இரண்டாவது கதவில் தடியனின் மூச்சுக் கேட்கிறது, இரண்டே இழுப்பு. மூன்றாவதில் ஒன்று.

“நாலாவது?” நாத்தனார் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

“பூட்டல.”

“ஐயோ! அவரா?”

“நேரமில்லடி. திறந்தே கிடக்கு. ஆனா தெருவில பாதி தூரம் போனப்புறமும் அவரோட கை மட்டும் காத்துல இழுக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு.”

நாத்தனார் ஹேங்கரைக் கீழே போட்டுவிட்டாள். மூட்டைக்காரர் எழுந்து நின்று, “புடிச்சிட்டானா, தப்பிச்சாரா?” என்றார்.

மூன்று அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அட்டைகளைப் படம் பிடித்து அனுப்பினாள். பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

“ஏம்மா,” என்றார் ஆசிரியர். “கதவைத் திறந்து போட்டுட்டு ஓடிட்டாரே! படிக்கும்போது என் கையும் சேர்ந்து இழுக்குது. அடுத்த வாரத்தை எப்ப அனுப்புவீங்க?”

உங்களுக்குத் தெரிந்த யாராவது கதை எழுத உட்கார்ந்து, வேகத்துக்கும் ஆளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தால், அவர்களிடம் புயல் ஓடிய கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது கொஞ்சம் மூச்சு வாங்கினால் இன்னும் நல்லது.