மீட்டிங்குக்கு யார் போவது?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு யுத்தத்தில் ஜெயித்தேன். அந்த வெற்றியை நினைத்தால் இப்போது வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருக்கிறது.

நெல்லித்தோப்பில் எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். நான் மீட்டிங்குக்குக் கிளம்பும்போது என் மனைவி கலா ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினாள். கலா நர்ஸ். இந்த மாதம் முழுக்க நைட் டூட்டி. காலையில் வந்து படுத்தால், எங்கள் பெட்ரூமுக்கு நேர் கீழே தண்ணீர் மோட்டார் உறும ஆரம்பிக்கும்.

"ஏங்க, நான் வர்றதுக்கு முன்னால, விடியக்காலையிலயே மோட்டார போட்டுடச் சொல்லுங்க. ஒழுங்கா தூங்கி எத்தினி நாளாவுது... மறந்துடாதீங்க."

"மறப்பேனா?" என்றேன்.

மீட்டிங்கில் சங்கத்தின் ஆங்கில விதிகளைப் புதுப்பிக்கும் வேலை. பழைய விதிகளில் 'ஓனர்' என்று வரும் இடத்திலெல்லாம், கூடவே ஒரு 'ஹீ', ஒரு 'ஹிஸ்'. ஏன், பெண்கள் வீடே வாங்க மாட்டார்களா? எனக்குப் பொறுக்கவில்லை. எல்லா இடத்திலும் 'தே' என்று மாற்ற வேண்டும் என்று எழுந்து நின்றேன். ஆணோ, பெண்ணோ, இரண்டிலும் அடங்காதவரோ... எல்லோருக்கும் பொதுவான சொல் அது.

செக்ரட்டரி அந்துவான் சார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயரானவர். எங்கள் ஊர் பாஷையில் 'சொல்தா'. அவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"பிரெஞ்சுல மேசை பொம்பள, கட்டில் ஆம்பள. அதால மேசைக்கு என்னா சார் கொறஞ்சி போச்சி?"

கூட்டம் சிரித்தது. ஒரே ஆளை எப்படி 'தே' என்பது, அது பல பேருக்கு அல்லவா என்று இன்னொருவர் கேட்டார். விடுவேனா? "ஒருத்தரத்தானே 'அவங்க'ன்னு சொல்றோம்? அது தப்பா?" என்று பிடித்துக்கொண்டேன். மரியாதை, சமத்துவம், சமூக நீதி... ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினேன். கடைசியில் களைத்துப்போய் ஒப்புக்கொண்டார்கள். கைதட்டல்கூடக் கிடைத்தது — பேசியதற்கா, நிறுத்தியதற்கா, தெரியாது.

"வேற எதுனா பேசணுமா?" என்றார் செக்ரட்டரி.

"ஒண்ணுமில்ல சார், முடிச்சிடலாம்!" என்று முதலில் குரல் கொடுத்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே வெற்றிச் செய்தியைச் சொன்னேன். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கலா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மோட்டார்?" என்றாள்.

அடியோடு மறந்துபோயிருந்தேன். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை டூட்டி முடிந்து வந்தவள், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக செக்ரட்டரி வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"மெம்பர்தான் கேக்கணுமாம். 'சார வரச் சொல்லும்மா'ன்னாரு."

யார் மெம்பர்? இந்த ஃப்ளாட் கலா பேரில் இருக்கிறது. அவள் வேலையை நம்பிக் கொடுத்த லோன். பத்திரிகையில் நான் எழுதும் பத்தியை நம்பி எந்த பேங்க் கடன் கொடுக்கும்? ஆனால் குடிவந்த நாளிலிருந்து மீட்டிங்குக்குப் போவது நான். கை தூக்குவது நான். 'நீ போறியா?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பாதி வீடுகள் பெண்கள் பேரில்தான். மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தது அத்தனையும் கணவன்மார்கள். நாங்கள் எல்லோரும் கூடி, ஓனர் பெண்ணாகவும் இருக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம்!

வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் பாருங்கள்... செக்ரட்டரி எனக்கு 'அவர்', கலா 'அவள்'. மாற்றி எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. இந்த லட்சணத்தில் ஆங்கிலத்தைத் திருத்தப் போய்விட்டேன்.

"அடுத்த மீட்டிங்குக்கு நானே போறேன்" என்றாள் கலா.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உனக்கு அங்கல்லாம் பேச வருமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். ராத்திரி முழுக்க ஒரு வார்டையே கட்டி மேய்த்துவிட்டு வந்தவளைப் பார்த்து!

கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தது. தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் கீழே இறங்கினேன்.

மோட்டார் ரூம் வாசலில் அந்துவான் சார் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னா சார், நீங்க சொன்னா போதாதா?" என்று உடனே மோட்டாரை நிறுத்தினார். நாளையிலிருந்து விடியக்காலையிலேயே போட்டுவிடுவாராம். கலா கேட்டு நடக்காதது, நான் கேட்டதும் நடந்துவிட்டது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

"சார், ஃப்ளாட் என் மனைவி பேர்லதான் இருக்கு. மெம்பர் அவங்கதான். இனிமே மீட்டிங்குக்கு அவங்க வருவாங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி வருஷமா சொல்லவே இல்லியே! அப்போ நீங்க யாரு சார்?"

"ஓனரோட புருஷன்" என்றேன். முதல் தடவை இல்லையா... குரல் சரியாக எழும்பவில்லை.