என் ஓட்டோவின் முதுகில் மகளின் கம்பஸ் ஈமெயில்

நான் எட்டாம் வகுப்பைக்கூட ஒழுங்காக முடிக்காதவன். ஆனாலும் கொஞ்சக் காலம் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு என் ஓட்டோ திருகோணமலை முழுக்க ஓடியது. ஊருக்குத் திரும்பிப்போகும் வெள்ளைக்காரர்கள், "உனக்கு எழுத ஒரு ஈமெயில் இல்லையா?" என்று கேட்பார்கள். எனக்கேது ஈமெயில்? மகளுக்கு கம்பஸ் கொடுத்த ஈமெயிலை, என் போன் நம்பருக்குக் கீழே சிவப்புப் பெயின்டில் எழுதுவித்தேன்.

ஓர்ஸ் ஹில் அடியில் என்னோடு ஓட்டோ நிறுத்தும் கிண்ணியாக்கார நானா அதன் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

"என்ன ப்ரொபெசர், இண்டைக்கு லெக்சர் நிலாவெளியிலயோ?"

"ஓம் நானா. ஒரு பாடம்தான், பெற்றோல் விலை."

மகள் பட்டம் வாங்கினாள். கறுப்பு அங்கி போட்டுப் படமும் எடுத்தாயிற்று. ஆனால் அந்த ஈமெயிலை மட்டும் அவள் விடவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. படித்து முடித்த இடத்தின் கதவுத் திறப்பு இவளுக்கு இன்னும் எதற்கு? அந்த விலாசம் மட்டுமே தெரிந்த பொடியன் எவனாவது இருக்கிறானோ?

"பிள்ளை, அது அவையின்ர வீடு. நீ வாடகைக்கு இருந்தனி. சாமானைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடு."

"அப்பா, நோர்வேயில மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறன். செலவையும் அவையே பாக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறன். மறுமொழி இந்த ஈமெயிலுக்குத்தான் வரும். கம்பஸ் பேர் இருந்தாத்தான் நம்பித் திறந்து பாப்பினம்."

நோர்வேப் பொடியனோ என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்கவில்லை. மகளின் கை எட்டும் தூரத்தில் சோற்றுக் கரண்டி கிடந்தது.

பிறகு ஒரு மத்தியானம் அந்த ஈமெயிலுக்கு ஒரு செய்தி வந்தது. கணக்கு மூடப்படப் போகிறதாம். மூடாமலிருக்க, கீழே உள்ள இணைப்பை அமத்திக் கடவுச்சொல்லை உடனே கொடுக்க வேண்டுமாம். மகளின் முகம் வெளிறிவிட்டது. நோர்வேக்காரர் எழுதும் நேரத்தில் கணக்கு இல்லாவிட்டால் எல்லாம் போச்சு. அவள் அமத்தப் போனாள். நான் போனைப் பறித்தேன்.

"அமத்தாத! கெதியா, கெதியா எண்டுறவனில எனக்கு நம்பிக்கை இல்ல. 'கெதியா விடு, இறங்கிக் காசு தாறன்' எண்டவன் எத்தினை பேர் இறங்கி ஓடினவங்கள்?"

"இது கம்பஸ் அப்பா. உங்கட ஓட்டோ இல்ல."

கடைசியில் கம்பஸ் கம்பியூட்டர் பகுதிக்கே, ஸ்பீக்கரில் போட்டுப் போன் எடுத்தோம். பேசியவர் நல்ல மனிதர்.

"தங்கச்சி, அது நாங்கள் அனுப்பினது இல்ல. ஒண்டையும் அமத்தாதேங்கோ."

நான் கதிரையில் ராசா மாதிரிச் சாய்ந்தேன். அவர் தொடர்ந்தார்.

"ஆனா மூடுறது உண்மைதான். படிச்சு முடிச்ச ஆக்களின்ரயை மாச முடிவோட நிப்பாட்டுறம். கெதியா வேற ஈமெயிலுக்கு மாறுங்கோ."

அவரும் கெதியா என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏன் ஐயா, பிள்ளையள் வச்சிருந்தா உங்களுக்கென்ன?"

"மறந்துபோய் விட்ட கணக்குகளுக்குள்ள கள்ளர் பூந்து, எங்கட பேரில ஊரை ஏமாத்துறாங்கள் ஐயா. சரி, இந்த ஈமெயிலைப் பொது இடத்தில எங்கயும் போட்டனீங்களோ?"

மகள் யன்னலால் வெளியே நின்ற ஓட்டோவின் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பெயின்டை அழிக்கத் தின்னரும் பழைய துணியும் தேடி எழும்பினேன்.

மகள் புது ஈமெயில் ஒன்று திறந்து, இனி இதற்கு எழுதுங்கள் என்று அதிலிருந்தே நோர்வேக்கு அறிவித்தாள். பதில் பழையதற்குத்தான் வந்தது. 'யாரோ வேறு விலாசத்திலிருந்து உங்கள் பெயரில் எழுதுகிறார்கள். அது நீங்கள்தான் என்றால், இந்த விலாசத்திலிருந்தே சொல்லுங்கள்.' நல்லகாலம், அதை இன்னும் மூடியிருக்கவில்லை. மகள் உடனே எழுதினாள். என்னைக் கேட்டால், படித்து முடித்தவர்களிடமிருந்து கம்பஸ் ஈமெயிலைத் திருப்பி வாங்கத்தான் வேண்டும். விலகிப்போன டிரைவரிடம் நானும் ஓட்டோத் திறப்பை விடமாட்டேன். ஆனால் போகிற வீட்டைத் தேடிக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும்.

நோர்வேக்காரர் அதோடும் விடவில்லை. வீடியோவில் வரச் சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒரு மனிசி, பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னா. அதைப் பார்த்தா, மகளைப் பார்த்தா, பின்னால் நின்ற என்னைக் காட்டி யார் என்று கேட்டா. அப்பா என்றதும், கள்ளநோட்டைப் பார்ப்பது மாதிரி என்னை நன்றாகப் பார்த்தா. எனக்கு அந்த மனிசியைப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் வீட்டில்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காகச் சந்தேகப்படுவதில்லை.

கொஞ்ச நாளில் புது ஈமெயிலுக்கு மறுமொழி வந்தது. மகள் குசினிக்குள்ளிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, கிடைச்சிட்டுது! முழுச் செலவும் அவைதானாம்!"

எனக்குக் கண் கலங்கியது.

"பொறு பிள்ளை," என்றேன். "முதல்ல அந்த மனிசிக்கு ஒரு போன் கோல் எடு. அவதான் அனுப்பினவவோ எண்டு கேப்பம்."