உருளையில் விழுந்த வெட்டு

என் மகளின் குழு பள்ளி வரலாற்றுப் போட்டியில் மாவட்ட அளவில் ஜெயித்துவிட்டது. மாநிலப் போட்டியில் வைக்க, குருண் டவுனில் ஒரு வீட்டு வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடந்த பழைய ரப்பர் ஷீட்டை வாங்கி வந்திருந்தாள். அது எந்தத் தோட்டத்து ஷீட் என்றுதான் தெரியவில்லை.

புகையும் புளிப்புமான அந்த வாடை மூக்கில் ஏறியதும் ரப்பர் பாலை ஷீட்டாக்கும் எங்கள் தோட்டத்து ஸ்டோர் கண்முன் வந்துவிட்டது. ஈரத் தரை, உறைந்த பால் தட்டுகள், அப்பா கையால் சுற்றும் உருளை மெஷினின் கிறீச்சொலி, வெள்ளைத் துணிபோல வழிந்து வரும் ஷீட், அதில் வரிவரியாகப் பதியும் கோடுகள் என்று நாள் முழுக்கப் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. இப்போது அங்கே தாமான் குடியிருப்பு வீடுகள்.

ஷீட்டைத் தடவினேன். ஒரு கோட்டில் மட்டும் சாணுக்குச் சாண் வெட்டு இருந்தது.

"எங்க தோட்டந்தான். மெஷின் உருளையில ஒரு பல்லு உடைஞ்சிருந்துச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் இப்படி ஒரு வெட்டு விழும்."

"சும்மா சொன்னா சார் ஒத்துக்க மாட்டாருலா. உங்களுக்கு எப்படித் தெரியும்னு எழுதணும்."

"நாந்தான் உடைச்சேன். சைக்கிள் நட்டு உள்ள போனா எப்படிப் பதியும்னு பாக்கப் போட்டேன்."

"அடப்பாவி அம்மா! யாரும் கேக்கலியா?"

தோட்டத்துக் கணக்கரான கிராணி கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவை மெஷினிலிருந்து எடுத்துக் காட்டுக்குப் புல்வெட்ட அனுப்பினார்கள்.

தோட்டத்தின் பெயரை அட்டையில் எழுதிவிட்டு மகள் என்னைப் பார்த்தாள்.

"உங்க பேரையும் போடவா?"

"போடு. தாத்தா உடைக்கலன்னும் எழுது."