வாங்கவா, விற்கவா? திருவொற்றியூர் ஷேர் ஆபீஸ்

திருவொற்றியூரில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீசில் எனக்கு டீலர் வேலை. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு வாங்க ஒரு பட்டன், விற்க ஒரு பட்டன் அழுத்த வேண்டும். யோசனை சொல்லக் கூடாது. லாபம் வந்தால் அது அவர்களுடைய மூளை, நஷ்டம் வந்தால் என்னுடைய விரல். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரையும் ஐஸ்

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் தேசிங்கு புதிதாகக் கணக்கு தொடங்கினார். ‘ஸ்டாப் லாஸ்’ பற்றிச் சொன்னேன். வாங்கிய ஷேர் நாம் குறித்த விலைக்கு இறங்கினால் தானாகவே விற்றுவிடும், நஷ்டம் அதோடு நிற்கும். படித்தவர்களே இதற்கு லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மறுபடி ஏறும், பொறு என்பார்கள். தேசிங்கு உடனே சரி என்றார்.

அன்று மத்தியானமே அவருடைய ஷேர் அந்த விலையைத் தொட்டு விற்றுப்போனது. திட்டு வாங்கத் தயாராகப் போன் செய்தேன். அவர் சிரித்தார்.

“ஐஸு கரையறதுக்குள்ள வந்த வெலைக்குத் தள்ளிவுடுன்றே. அதானே எங்க தொயிலு? அதுக்கு இன்னாத்துக்கு கண்ணு இங்கிலீசுல பேரு?”

பக்கத்து நாற்காலி

தனசேகரன் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். ஓர் இரும்புக் கம்பெனி ஷேரைப் பிடித்துக்கொண்டார். விலை இறங்க இறங்க இன்னும் வாங்கினால் சராசரி விலை குறையும் என்பது அவருடைய உத்தி. சராசரி குறைந்தது, ஷேர் அதைவிட வேகமாகக் குறைந்தது.

ஒருநாள் அவர் மனைவி சரோஜா தனியாக வந்து கணக்கை மூடச் சொன்னார். கணவரின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றேன். மறுநாளிலிருந்து கணவரோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. தனசேகரன் “இன்னும் அம்பது போடும்மா” என்றால் சரோஜா திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் தனசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாத்தையும் வித்துடும்மா” என்றார். ரிட்டயரானபோது வந்த பணத்தில் பாதி தப்பியது.

எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று சரோஜாம்மாவைக் கேட்டேன்.

“நான் இன்னாம்மா சொன்னேன்? சும்மா பாத்துகினுதானே குந்தியிருந்தேன்.”

பத்து ஷேர் முதலாளி

எண்ணூர் ஆற்றில் இறங்கி இறால் பிடிப்பவர் அமுதா. மகளின் கணக்கு விஷயமாக இருவரும் வந்திருந்தார்கள். திரையில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் பெயர் பச்சையில் மின்னியது. அமுதா எழுந்து கிட்டே வந்தார்.

“எங்க ஏஜென்ட்டு இவங்களுக்குத்தான் சரக்கு போடறான். வெளிநாட்டுல கிராக்கி இல்லன்னு காலைலதான் வெல கொறச்சான். இங்க ஏறிக்கினு கீதே?”

மகள் கணக்கில் அந்தக் கம்பெனியின் பத்து ஷேர் வாங்கச் சொன்னார். மறுநாள் எடை போடும் இடத்தில் மகளின் போனை ஏஜென்ட் முகத்துக்கு நேரே நீட்டி, தானும் இந்தக் கம்பெனிக்கு ஒரு முதலாளி என்றாராம். ஏஜென்ட் சிரித்தான். ஆனால் மற்றப் பெண்கள் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து வந்தவரிடம் இறால் விலை ஏறியதா என்று விசாரித்தேன்.

“வெல ஏறல மேடம். ஆனா அன்னிலேந்து தராச எங்க பக்கம் திருப்பி வெச்சித்தான் எட போடறான்.”

விழுந்தவர்

வியாசர்பாடி அருள் பாக்சர். கன்டெய்னர் யார்டில் வேலை. போனில் ஒரு குரூப்பில் யாரோ சொல்லிக்கொடுத்த உத்தியை நம்பி, அன்றோடு காலாவதியாகும் ஆப்ஷனை வாங்கச் சொன்னார். சந்தை அவர் நினைத்த பக்கம் போனால் பல மடங்கு, போகாவிட்டால் பூஜ்யம். பைக்கை விற்ற பணம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் தம்பி என்று வாய்வரை வந்தது. பட்டனை அழுத்தினேன். பூஜ்யம்தான் வந்தது.

அடுத்த வாரம் பஸ்ஸில் வந்து கணக்கை மூடினார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “நான் ஜெயிச்சிருந்தா உங்களுக்குக் கமிஷன் எவ்ளோக்கா?” என்றார்.

“இதேதான்” என்றேன். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

“ரிங்குல உழுந்தா ரெஃப்ரி பத்து எண்றதுக்காவது ஆட்டத்த நிப்பாட்டுவாருக்கா. நீங்க உழுந்தவன்கிட்டயும் டிக்கெட்டு காசு வாங்கறீங்க.”

இத்தனை வருடத்தில் நான் பார்த்த உத்திகளில் ஒருநாளும் பிசகாமல் பலித்தது, மூன்றரை மணிக்குச் சந்தையை மூடிவிடுவது ஒன்றுதான்.