பிரான்சு சட்டமும் வில்லியனூர் காயினும்

எனக்குப் புத்தி வந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டு பிரான்சு நாட்டுச் சட்டத்தை மதித்து நடந்தவன் நான்.

என் மனைவியின் தம்பி பிரெஞ்சு குடியுரிமைக்காரன். பாரீஸ் பக்கம் வேலை. எங்கள் புதுச்சேரிப் பக்கம் சொந்தத்தில் அப்படி யாராவது ஒருவர் இருப்பார். அவர் சொல்வதுதான் வேதவாக்கு. கிரிப்டோ பற்றி அவன் சொன்னான்: "காயினுக்குக் காயின் மாத்துனா வரியே கெடையாது மாமா. யூரோவா எடுத்தாத்தான் கணக்கு." கரும்பு விற்ற பணத்தைப் போட்டு, நானும் மாற்று மாற்றென்று மாற்றினேன். ஒன்றில் நல்ல லாபம். அடுத்ததில் எல்லாம் போச்சு. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, வரியும் இருக்காது என்று சும்மா இருந்தேன்.

மூலக்குளத்தில் எங்களுக்கு வரிக்கணக்கு பார்க்கும் அம்மாள் இதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நெல்லைக் குடுத்து உளுந்து வாங்கறீங்கன்னு வச்சுக்கோங்க. பிரான்சுல அந்த உளுந்தைக் காசாக்குற வரைக்கும் கேக்க மாட்டாங்க. ஒரே வருஷத்து லாப நஷ்டத்தைக் கழிச்சுக்கவும் வுடுவாங்க. இங்க நெல்லைக் குடுத்தப்பவே வித்த மாதிரி. லாபத்துக்கு முப்பது சதவீதம். நஷ்டத்தைக் கழிக்க முடியாது." விகிதம் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதானாம். அட கடவுளே, அதில் எனக்கென்ன ஆறுதல்!

விஷயம் தெரிந்து மச்சான் பதறிப்போய் ஃபோன் செய்தான். "எல்லாம் என் பணம்னு எழுதிடலாம் மாமா. இங்க நான் கழிச்சுக்கறேன்." எனக்குச் சபலம் தட்டியது. மனைவி ஃபோனைப் பிடுங்கினாள்.

"இன்னாடா பேசற? மாமா பண்ண கூத்துக்கு நீ அங்க பொய்க் கையெழுத்து போடுவியா? வைடா ஃபோனை!"

என்னிடம் பைசா இல்லை. அவளிடம் இருந்தது. ரவிக்கை தைத்துத் தைத்து, மூலக்குளத்தில் ஒரு தையல் கடை பிடிக்க அட்வான்ஸ் சேர்த்திருந்தாள். அந்தக் கடையை மூன்று தடவை போய் இஞ்சு டேப்பால் அளந்து, மெஷின் எங்கே, கண்ணாடி எங்கே என்று நோட்டில் படம் போட்டிருந்தாள். அந்தப் பணத்தை அப்படியே என் வரிக்குக் கட்டினாள்.

"வேணாம்டி" என்றேன்.

"அப்ப இன்னா, நோட்டீஸ் வந்து வூட்டு வாசல்ல நிக்கணுமா? போய் டீ வாங்கினு வா."

எப்பேர்ப்பட்ட மனுஷி! டீக்கடை மறைவில் நின்று அழுதுவிட்டுத்தான் திரும்பினேன்.

கடை வேறொருவருக்குப் போய்விட்டது. வரிப்பணம் எங்கிருந்து வந்தது என்று மச்சானுக்குத் தெரியாது. தெரிந்தால், தன் யோசனையால் வந்த வினை என்று ஒடிந்துபோவான். அடுத்த மாதம் அவன் கேட்டான்: "கடை இன்னாக்கா ஆச்சு?"

"வாணாம்னு வுட்டுட்டேன்டா. வாசல் சின்னது, மெஷின் உள்ள போவாது" என்றாள்.

வாசல் நாலடி, தாராளம் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டவள் அவள்.